சிகாமணியின் பை

ஆவுடையப்பனுக்கு வயது அறுபத்துமூன்று. மின்வாரியத்தில் கம்பம் ஏறி இறங்கியே காலம் தள்ளியவர், ஓய்வு பெற்ற பிறகுதான் பறவை பார்க்கக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர் ஜெயக்கொடி டீச்சர். குருவுக்கு வயது முப்பத்தெட்டு. அதில் சீடருக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. கேட்ட கேள்விக்கு டீச்சர் நேராகப் பதில் சொல்ல மாட்டார் என்பதுதான் குறை.

அந்த ஆண்டு டீச்சர் எட்டுப் பேரைக் கென்யாவுக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்திருந்தார். காட்டுக்குப் போகிற விமானம் சின்னது. ஆளுக்குப் பதினைந்து கிலோதான், அதுவும் துணிப்பையில். பிளாஸ்டிக் கவர் ஒன்றுகூட அந்த நாட்டுக்குள் போகக் கூடாது. இதெல்லாம் எல்லோருக்கும் புரிந்தது. டீச்சர் கடைசியாகச் சொன்னதுதான் ஆவுடையப்பனைப் போட்டுக் குழப்பியது.

"உங்க பையை நீங்க கட்டக் கூடாது. சாமானை எல்லாம் உங்க ஜோடிக்காரர் வீட்டுக்குக் குடுத்துவிடுங்க. வேண்டியதைப் பொறுக்கி அவர் கட்டுவார். அவரோடதை நீங்க கட்டணும். கட்டாத ஜோடி வர வேண்டாம்."

ஆவுடையப்பனுக்கு ஜோடி ஞானசிகாமணி. தபால் ஆபீஸ்காரர், முப்பது வருஷ சினேகிதர். இருவரும் பேசி நான்கு மாதம் ஆகியிருந்தது.

காரணம் ஒரு கழுகு. ஊருக்குத் தெற்கே உள்ள குளத்தில் அதுவரை யாரும் பார்த்திராத புள்ளிக் கழுகு ஒன்று ஒரு நாள் காலை வந்து உட்கார்ந்தது. மறுநாள், நான்தான் முதலில் பார்த்தேன் என்றார் ஆவுடையப்பன். நான்தான் என்றார் சிகாமணி. ஆவுடையப்பன் தன் குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். 'முதலில் கண்டது: ஆவுடையப்பன்' என்று எழுதியிருந்தது. சிகாமணி அதைப் படித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனவர்தான். நல்ல வேளை, இதெல்லாம் கழுகுக்குத் தெரியாது.

ஆவுடையப்பன் டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"டீச்சர், ஜோடியை மாத்துங்க. அவன் என் பையில என்னத்தை வைப்பான்? செங்கல்லத்தான் வைப்பான்."

"அவர் பையில நீங்க என்னத்தை வச்சீங்க?"

"இன்னும் கட்டலியே."

"கட்டிட்டு வாங்க."

மறுநாள் சிகாமணியின் சாமான்கள் ஆட்டோவில் வந்து இறங்கின. எல்லாம் ஜவுளிக்கடைக் கவர்களில், ஒவ்வொன்றும் இரண்டு முடிச்சு. மொத்தம் இருபத்தாறு கிலோ. ஆவுடையப்பன் நான்கு சட்டை, மூன்று பேன்ட், ஒரு சோப்பு என்று அரை மணி நேரத்தில் கட்டி முடித்தார். எட்டரைக் கிலோ வந்தது. விதிப்படி கட்டியாயிற்று, இனி யாரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டு எடுத்துப் போனார்.

டீச்சர் பையைத் திறக்கவே இல்லை. காபி கொடுத்தார்.

"சிகாமணி சார் எழுந்ததும் என்ன செய்வார்?"

"செருப்பைத் தேடுவான். வெறுந்தரையில கால் வச்சா அடுக்குத் தும்மல் போடுவான்."

"அப்புறம்?"

"மாத்திரை. சுகர் இருக்குல்லா? ஆனா வாட்ச்சைப் பாத்துப் பாத்து மறந்துருவான், யாராவது சொல்லணும். இட்லிப் பொடி இல்லாம எந்த ஊர்லயும் வாயில வைக்க மாட்டான். கண்ணாடிக்குக் கயிறு வேணும். போன வருஷம் அது குளத்துல விழுந்துட்டுது, நாந்தான் இடுப்பளவு தண்ணியில எறங்கித் துழாவினேன். இடது காது மந்தம் டீச்சர், ஆனா ஒத்துக்க மாட்டான். அதனால நான் எப்பவும் வலது பக்கமாத்தான் நடப்பேன்."

காபி ஆறி ஏடு கட்டியிருந்தது. டீச்சர் பையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இது சரியா, தப்பா? அதைச் சொல்லுங்க டீச்சர்."

"எனக்கு எப்படி சார் தெரியும்? அவரைத் தெரிஞ்சவர் நீங்கதானே."

ஆவுடையப்பனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி கவர்களைப் பிரித்தார். செருப்பு, பைனாகுலர், ஸ்வெட்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்துத் துணியில் முடிந்தார். கண்ணாடிக் கயிறு குவியலில் இல்லை, கடைக்குப் போய் வாங்கினார். பொடியை எவர்சில்வர் டப்பாவில் அடைத்தார். பகையாளிக்கு இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்கிறோமே என்று அவருக்கே எரிச்சலாக வந்தது. எரிச்சலோடு ஒரு கம்பளிக் குல்லாவையும் வைத்தார்.

பை பதினைந்து கிலோவில் வந்து நின்றது. ஒரு பொருள் மட்டும் மிஞ்சியது. அது சிகாமணியின் குவியலில் வந்ததில்லை. இரண்டு நாள் அதை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காலை பையையும் அதையும் எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார்.

அன்றுதான் எல்லோர் பைகளையும் டீச்சர் எடைபோடும் நாள். ஆவுடையப்பன்தான் முதல் ஆள்.

டீச்சர் பையைத் தராசுக் கொக்கியில் மாட்டினார். "பதினஞ்சு. சரியா இருக்கு."

"இல்ல டீச்சர். இன்னும் ஒண்ணு வைக்கணும்." சட்டைப் பையிலிருந்து தன் குறிப்பேட்டை எடுத்துக் கழுகு வந்த நாளின் பக்கத்தைத் திறந்து கொடுத்தார்.

டீச்சர் அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். 'ஆவுடையப்பன்' என்ற மை எழுத்துக்கு அடியில் பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்த தடம் தெரிந்தது. 'சிகாமணி காட்டினான்.'

"தோளைத் தொட்டுத் திருப்பினான் டீச்சர். நான் பாட்டுக்கு மீன்கொத்தியப் பாத்துக்கிட்டு நின்னேன். அப்போ அப்படியேதான் எழுதினேன். வீட்டுக்குப் போனதும் என்னமோ மனசு கேக்கல, அழிச்சுட்டேன். முப்பது வருஷம் டீச்சர். அசிங்கமா இருக்கு."

டீச்சர் தராசிலிருந்து பையைக் கழற்றிக் கீழே வைத்தார். ஆவுடையப்பன் அதன் பக்கத்தில் குனிந்தார்.

"சட்டைக்கு அடியில வச்சிட்டா, அங்க போய்ப் பிரிக்கும்போது அவனே பாத்துக்கிடுவான். ஆனா எடை மிஞ்சிப் போகுது. கண்ணாடிக் கயிற எடுக்க முடியாது. பொடிய எடுத்தா பட்டினி கெடப்பான். குல்லாவ எடுத்தா காதுல குளிர் ஏறும். எதைத்தான் எடுக்க? ஒண்ணும் புரியல டீச்சர்."

வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. யாரோ கனமான பையைப் படியில் இறக்கி வைத்தார்கள். அடுக்காக நான்கு தும்மல் கேட்டது.

டீச்சர் குறிப்பேட்டை மூடி ஆவுடையப்பனிடம் நீட்டினார்.

"எதையும் எடுக்க வேண்டாம் சார். இது பையில போற சாமான் இல்ல. கையில குடுங்க."