மேலும் கீழும் படித்த அழுங்கு

மலையடிவாரக் காட்டில், ஒரு பெரிய இலவ மரத்தில், விலங்குகளின் பள்ளிக்கூடம் நடந்துவந்தது. அதன் தலைமையாசிரியர் பொன்னலகர் என்னும் இருவாட்சிப் பறவை. தம் அலகின்மேல் புடைத்திருந்த கொண்டைதான் அறிவு என்று உறுதியாக நம்பியவர்.

அந்தப் பள்ளியில் கடைசி இரண்டு ஆண்டுகள் வந்ததும் மாணவர்கள் இரண்டாகப் பிரிந்துவிட வேண்டும். கிளைமேல் அமர்ந்தவர்களுக்கு மழையும் மண்ணும் பாறையும் பாடம். வேரடியில் அமர்ந்தவர்களுக்குத் தோண்டுவதும் அடைப்பதும் வளை அமைப்பதும் தொழில். கிளை வகுப்பார் மண்ணைத் தொட மாட்டார்கள். வேர் வகுப்பார் 'ஏன்' என்று கேட்க மாட்டார்கள். இதற்கு எல்லாரும் ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். சோம்பலுக்கு இவ்வளவு மரியாதையான பெயர் வேறெங்கும் கிடைக்காது.

உடம்பெங்கும் செதில் மூடிய எறும்புதின்னியான செதிலி என்னும் அழுங்கின் முறை வந்தது.

"மேலா, கீழா?" என்று கேட்டார் பொன்னலகர்.

"இரண்டும், ஐயா."

"அப்படி ஒரு வகுப்பு இங்கே இல்லை."

"எனக்கு மரம் ஏறவும் வருகிறது, மண் தோண்டவும் வருகிறது. பாதி உடம்பை வீட்டில் வைத்துவிட்டா பள்ளிக்கு வர முடியும்?"

மரமெங்கும் சிரிப்பு எழுந்தது. பொன்னலகர் சிரிக்கவில்லை.

"சரி. காலையில் மேலே படி, மாலையில் கீழே படி. ஆனால் இறுதித் தேர்வில் ஒன்றில் தவறினாலும் இரண்டிலும் தவறியதாகவே கொள்வேன். தேர்ச்சி இல்லாதவர்களுக்கு இந்தக் காட்டில் எந்தப் பணியும் கிடையாது. நினைவிருக்கட்டும்."

செதிலி தலையாட்டினாள்.

அதன்பின் வந்த நாட்கள் இனிமையாக இருந்தன என்று சொன்னால் அது பொய். காலையில் அவள் கிளையேறும்போது நெடுவாலன் என்னும் குரங்கு மூக்கைப் பொத்திக்கொள்வான்.

"தள்ளி உட்கார், அம்மணி. மண் நாற்றம் தாங்கவில்லை."

"மண்ணைப் பற்றித்தானே பாடம்? அது எப்படி மணக்கும் என்றாவது தெரிந்துகொள்."

மாலையில் வேரடிக்கு இறங்கினால் கிளறன் என்னும் காட்டுப்பன்றி வழிவிட்டுக் குனிவான்.

"பண்டிதர் அம்மா வருகிறார். எல்லாரும் எழுந்து நில்லுங்கள்."

"நீ எழுந்தால் எனக்கு உட்கார இடம் கிடைக்கும். நன்றி."

வாய் குறையவில்லை, மதிப்பெண்தான் குறைந்தது. மேலே நெடுவாலன் முதலிடம், கீழே கிளறன் முதலிடம். செதிலி இரண்டிலும் நடுவில் எங்கோ கிடந்தாள். தோண்டிக் களைத்த நகங்களோடு பாறையின் பாடத்தை முணுமுணுத்தபடியே அவள் பலமுறை உறங்கிப்போனதுண்டு. 'ஒன்றை விட்டுவிட்டால் என்ன?' என்ற எண்ணமும் வந்தது. எதை விடுவது என்று யோசிப்பாள். இரண்டுமே பிடித்திருந்தன. அதோடு அந்த யோசனை முடிந்துவிடும்.

இறுதித் தேர்வு கொடுங்கோடையில் வந்தது. காட்டுக் குட்டை வறண்டு வெடித்திருந்தது. தேர்வு நடத்த வந்த மூத்த யானை சுற்றி வளைக்கவில்லை.

"தண்ணீர் எங்கே இருக்கிறது? காட்டுங்கள். கேள்வி அவ்வளவுதான்."

நெடுவாலன் முன்னே வந்தான். புற்றையும் மருத மரத்தையும் சரிவையும் பார்த்தான். "மழைநீர் மண்ணில் இறங்கும், பாறை தடுத்தால் அதன்மேல் தங்கும். மருதத்துக்கும் புற்றுக்கும் நடுவே தோண்டினால் நீர் உண்டு" என்று தங்குதடையின்றிச் சொன்னான். பொன்னலகர் கொண்டையை நிமிர்த்திக்கொண்டார்.

"தோண்டிக் காட்டேன்" என்றது யானை.

"தோண்டுவது கீழ்வகுப்பு வேலை" என்று சொல்லிவிட்டு நெடுவாலன் கிளைக்குத் தாவினான்.

நெடுவாலன் சொன்ன இடத்துக்குக் கிளறன் வந்தான். அவன் தோண்டியதை வேடிக்கை பார்க்கவே கண்கள் போதவில்லை. மண் பறந்தது. குழியின் சுவர்கள் வழித்துவிட்டதுபோல் நின்றன. திடீரென்று கோரைப்பல் பாறையில் மோதியது. கிளறன் மேலேறி உடம்பை உதறினான்.

"பாறை தட்டினால் குழியைக் கைவிட வேண்டும். எங்களுக்குக் கற்றுத் தந்தது அதுதான்."

"ஏன் கைவிட வேண்டும்?" என்று கேட்டது யானை.

"அதைச் சொல்லித் தரவில்லையே!"

யானையின் காதுகள் சலிப்போடு அசைந்தன. முதலிடம் பிடித்த இருவராலும் முடியாததால் மற்றவர்கள் பின்வாங்கினார்கள். மிஞ்சியவள் செதிலி மட்டுமே.

"வேறிடத்தில் போய்த் தோண்டு, பெண்ணே. முதலிடம் பெற்ற மாணவனே கைவிட்ட குழி அது" என்றார் பொன்னலகர்.

செதிலி அந்தக் குழிக்குள்ளேயே இறங்கினாள். மேலே நகைத்தார்கள். அவள் பாறைமேல் நகங்களை விரித்து மெல்ல நகர்த்தினாள். கிழக்கே பாறை மேடாக இருந்தது. மேற்கே தாழ்ந்துகொண்டே போனது. அந்தப் பக்கத்து மண் குளிர்ந்து, நகத்தோடு ஒட்டிக்கொண்டது.

"ஐயா, நெடுவாலன் சொன்ன பாடம் சரி. கிளறன் தோண்டியதும் சரி" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "பாறைமேல் நீர் தங்கும் என்று அவனுக்குத் தெரியும். பாறை சாய்ந்திருப்பது அவனுக்குத் தெரியாது. சாய்ந்திருப்பதைக் கிளறனின் கோரைப்பல் தொட்டது. தொட்டதற்கு என்ன பொருள் என்று இவனுக்குத் தெரியாது. நீர் வடிந்து கீழ்க்கோடிக்குப் போயிருக்கிறது. நான் பக்கவாட்டில் தோண்டப் போகிறேன்."

மண் சரியாதபடி சிறுகச் சிறுக அடைத்துக்கொண்டே, பாறையை ஒட்டி அவள் சரிவாகத் தோண்டிச் சென்றாள். வால் நுனியும் மறைந்தது. வெகுநேரத்துக்குப் பின் உள்ளே ஏதோ குமிழ்விட்டது. அழுங்கு பின்னோக்கி வெளியே வந்தாள். செதில்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவளைத் தொடர்ந்து, அங்கே அடைபட்டிருந்த கலங்கிய நீர் ஊற்றாகப் பொங்கிக் குழிக்குள் ஏறிற்று, பிறகு தெளிந்தது.

யானை துதிக்கையை விட்டு நீண்ட நேரம் குடித்தது. பிறகுதான் பேசியது.

"தேர்ச்சி. இரண்டிலும். இந்த ஊற்றையும் இனி வரும் ஊற்றுகளையும் பார்த்துக்கொள்ளும் பணி இன்றுமுதல் இவளுடையது."

காடே ஆரவாரித்தது. பொன்னலகர் தொண்டையைச் செருமினார்.

"இவள் எங்கள் கிளை வகுப்பில் வளர்ந்தவள்."

"அதெப்படி? தோண்டியது எங்கள் வேர் வகுப்பு நகம்" என்று கிளறன் உறுமினான்.

"நேற்றுவரை இரண்டு பக்கமும் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னீர்கள்" என்றாள் செதிலி. "இன்று இருவரும் இழுக்கிறீர்கள். கொஞ்சம் விடுங்கள், நானும் தண்ணீர் குடிக்க வேண்டும்."

அடுத்த ஆண்டு பள்ளி திறந்தபோது, பொன்னலகர் மாணவர்களிடம் மேலா கீழா என்று கேட்கவில்லை. காலையில் நெடுவாலனின் தம்பிகள் மண்ணில் இறங்கி முகம் சுளித்தார்கள். மாலையில் கிளறனின் தங்கைகள் கீழ்க்கிளையில் தொற்றிக்கொண்டு, கீழே பார்க்காமல் பாடம் கேட்டார்கள்.

பாடத்தையும் தொழிலையும் ஒருசேரக் கற்பவரே, மற்றவர் கைவிட்ட இடத்திலிருந்து மேலே செல்வர்.