சொன்னதெல்லாம் கேட்கும் பிள்ளை

ஆற்றங்கரை ஆசிரமத்துக்குத் திலகவதி தன் வளர்ப்பு மகளோடு வந்தாள்.

பவளத்துக்கு எட்டு வயது. பெற்றோர் இறந்தபின் உறவினர் வீட்டில் இருந்தவள். அங்கே வாயைத் திறந்தாலே அடி. திலகவதியும் அவள் கணவர் பொன்னம்பலமும் அவளை அழைத்து வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

"பிள்ளை எப்படி இருக்கா?" என்று கேட்டார் குரு.

"தங்கமான பிள்ளை சாமி. அடமே கிடையாது. சொன்னதெல்லாம் கேக்குறா."

குரு தாம் காய்ச்சிய கஞ்சியை இருவருக்கும் ஊற்றிக் கொடுத்தார். திலகவதி ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்தாள். ஒரே உப்பு. பவளம் குனிந்த தலை நிமிராமல் குடித்து முடித்தாள்.

"நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்கு."

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

பவளம் குவளையை நீட்டினாள்.

குரு அப்போதுதான் தம் கஞ்சியை வாயில் வைத்தார். உடனே பவளத்தின் குவளையை வாங்கிக் கீழே வைத்தார். "உப்பை ரெண்டு தரம் போட்டுட்டேன் போல. தப்பு என்னுது கண்ணு." அவள் கையில் ஒரு வெல்லக்கட்டியைக் கொடுத்து, கன்றுக்குட்டியைப் பார்த்து வரச் சொன்னார்.

திலகவதி அவள் போன திசையையே பார்த்தாள்.

"பயத்துலதான் எல்லாத்தையும் கேக்குறாளா சாமி? பயப்படாதேன்னு தினமும் சொல்றேனே."

"உங்க வீட்டுல வேண்டாம்னு சொன்னா என்ன நடக்கும்னு அவளுக்குத் தெரியுமா?"

"அவ முன்னாடி நானும் அவரும் சண்டையே போடுறதில்லை சாமி."

"போடுங்க," என்றார் குரு. "போட்டுட்டு, சேர்ந்து உக்காந்து சாப்பிடுங்க."

மறுநாள் காலை பொன்னம்பலம், "எனக்கு உப்புமா வேண்டாம்," என்றார். பவளம் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். "வேண்டாம்னா போங்க, எனக்கு மிச்சம்," என்று திலகவதி சிரித்தாள். அவரும் சிரித்தார். பவளம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டு மெர்சி ஊஞ்சலைத் தர மாட்டேன் என்று கத்திவிட்டுப் போவாள். விடிந்ததும் வாசலில் நின்று, "பவளம், விளையாட வர்றியா?" என்பாள். பள்ளியில் ஆசிரியை, "பாட இஷ்டமில்லேன்னா தலையை ஆட்டு, போதும்," என்பார். பவளம் தலையை ஆட்டுவாள். ஆசிரியை அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார். யாரும் அடிக்கவில்லை. யாரும் முகம் திருப்பவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் திலகவதி மட்டும் ஆசிரமத்துக்கு ஓடி வந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"தலை பின்னிக்கிட்டிருந்தேன் சாமி. திடீர்னு, 'அம்மா, இறுக்காதீங்க, வலிக்குது'ன்னா. வந்த நாள்லேருந்து நான் அப்படித்தான் பின்னுறேன். இத்தனை நாளும் வலிச்சிருக்கு. இன்னிக்குத்தான் சொல்லியிருக்கா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"அவுத்துட்டுத் தளர்த்தியா பின்னினேன். 'இப்ப சரியா'ன்னு கேட்டேன். 'இன்னும் கொஞ்சம்'னா. அதிகாரமா சொன்னா சாமி!"

அழுதுகொண்டே சிரித்தாள். குருவும் வாய்விட்டுச் சிரித்தார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை," என்று காலில் விழப் போனாள்.

குரு தடுத்தார்.

"உங்களை நம்பி, வலிக்குதுன்னு சொன்னது அவ. அவளுக்கு நன்றி சொன்னீங்களா?"