அதே வீச்சு

மதுக்கரையைத் தாண்டி ஒரு மேடு. மேற்கிலிருந்து காற்று நிற்காமல் அடிக்கும். ஜெசிந்தா அங்கேதான் கிளைடர் விடக் கற்றுக்கொடுத்தாள். எஞ்சின் இல்லாத சின்ன விமானம் அது. ஒருவர் கையால் வீசிவிட வேண்டும். இன்னொருவர் ரிமோட்டில் ஓட்டுவார்.

அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் மூத்தவர் பரசுராமன். தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். போன ஞாயிறு அவர் வீசிய கிளைடர் மூக்கைத் தூக்கி, அந்தரத்தில் தயங்கி, தலைகுப்புற விழுந்து நொறுங்கியது. ஜெசிந்தா நான்கு மாதம் உட்கார்ந்து செய்தது.

"தப்பு என்னுது சார். மூக்குல எடைக்கு வைக்கிற ஈயத்தைக் குறைச்சு வச்சுட்டேன்" என்று அவள் அப்போதே சொன்னாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். வாரம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று வெறுங்கையை வீசி வீசிப் பார்த்தார். தோளா? மணிக்கட்டா? வயசா? சோறு இறங்கவில்லை.

இந்த ஞாயிறு வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"என் வீச்சுல என்னதாங்க தப்பு, டீச்சர்?"

ஜெசிந்தா காரிலிருந்து வேறொரு கிளைடரை எடுத்து வந்தாள். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்து நிறுத்தினாள். மூக்கும் வாலும் சாயாமல் நின்றது. அதை அவர் கையில் வைத்தாள்.

"வேற யாராச்சும் வீசட்டுங்க."

"நீங்கதான் சார்."

"எப்படி வீசறது?"

"போன வாரம் வீசின மாதிரியே."

"விளையாடாதீங்க டீச்சர்."

"துளிகூட மாத்தக் கூடாது."

அவள் ரிமோட்டை எடுத்துக்கொண்டாள். அவர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். காற்றுக்கு எதிரே நாலு எட்டு ஓடி, நேர்மட்டமாக வீசிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

எதுவும் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தார். பள்ளத்துக்கு மேலே கிளைடர் சாய்ந்து திரும்பி, காற்றைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தது.

அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரமாக நெஞ்சை அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

"அதே வீச்சுதாங்க டீச்சர். மாத்தவே இல்லீங்க."

"பார்த்தேன்."

கிளைடர் இரண்டு வட்டம் அடித்தது.

"இதுவும் விழுந்திருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

அவள் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பிரிச்சுப் பார்த்திருப்பேன்" என்றாள். "விமானத்தை."