பெயரில்லாத கண்ணாடி

ஆசிரியருக்கு வயது முப்பத்து மூன்று. மாணவருக்கு ஐம்பத்தொன்று. ஞானக் கதைகளில் வயது இப்படி அமைவதில்லை. ஆனால் இந்த இருவரையும் சேர்த்து வைத்தது தவமும் அல்ல, தலையெழுத்தும் அல்ல. ஓர் அரசாணை.

மாணவர் தணிகாசலம் இருபத்திரண்டு வருடம் மலேரியாவுக்கு ரத்தம் பார்த்தவர். மலேரியா குறைந்துவிட்டதால், பாலாற்றங்கரை ஊர் ஒன்றின் காசநோய்ப் பிரிவில் சளிப் பரிசோதனை கற்றுக்கொள்ள அனுப்பப்பட்டிருந்தார். அங்கே ஆய்வகத்தை நடத்தியவர் ஷம்ஷாத். ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, ஒரு ஸ்பிரிட் விளக்கு. கிருமியை இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும் கார்ட்ரிட்ஜ் இயந்திரம் அப்போது மாவட்டத் தலைநகர் வரைதான் வந்திருந்தது.

அன்று காலை பத்தே முக்காலுக்கு, தணிகாசலம் ஒரு முடிவுத் தாளை ஷம்ஷாத்தின் முன் வைத்தார்.

"கையெழுத்து மேடம். பதினாலாம் நம்பர். கோட்டீஸ்வரி, வயசு இருபத்து நாலு. நூறு ஃபீல்டுல மூணு கிருமி."

சளி தடவிய கண்ணாடியை நகர்த்த நகர்த்த, நுண்ணோக்கியின் வட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு துண்டும் ஒரு ஃபீல்டு. நூறு பார்க்காமல் "இல்லை" என்று எழுதக்கூடாது என்பது விதி. தணிகாசலம் விதிகளை மதிப்பவர்.

"இதுக்கு முன்னாடி பார்த்தது?"

"பதிமூணாம் நம்பர். அது த்ரீ பிளஸ் மேடம். தேர்த் திருவிழா மாதிரி கும்பல்."

ஷம்ஷாத் பேனாவைத் திறக்கவில்லை. வெளியே ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"என்ன சத்தம் அது?"

தணிகாசலம் சட்டைப் பையைத் தடவினார். "சொல்லிட்டேன் மேடம்."

"எதை?"

"டி.பி. இருக்குன்னு. அந்தப் பொண்ணுகிட்ட. மாமியாரும் பக்கத்துல இருந்தாங்க."

"நான் பார்க்கறதுக்கு முன்னாடியேவா?"

"மலேரியாவுல அப்படித்தான் மேடம். பார்த்தோமா, சொன்னோமா, மாத்திரையைக் கொடுத்தோமான்னு அடுத்த வீட்டுக்குப் போய்க்கிட்டே இருப்போம்."

ஷம்ஷாத் எழுந்து ஜன்னலுக்குப் போனார். மாமியார் பச்சையம்மாள் ஒன்பது மாதக் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கே போய்விட்டிருந்தாள். வராந்தா பெஞ்சின் மறு முனையில் கோட்டீஸ்வரி வாயில் முந்தானையை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ரவிக்கையின் முன்புறம் பாலில் நனைந்திருந்தது.

"பன்னண்டு இருபது பஸ்ஸுக்கு நான் புள்ளைய தூக்கினு எம்பொண்ணு வூட்டுக்குப் போறேன்," என்று பச்சையம்மாள் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "இவ எங்க போவாளோ போட்டும். வூட்டுக்குள்ள சேர்க்க மாட்டேன்."

"நான் கண்ணால பார்த்தேன் மேடம்," என்றார் தணிகாசலம், பின்னாலிருந்து. "மூணு. சிவப்பா, மெலிசா, லேசா வளைஞ்சு. கண்ணால பார்த்ததுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஷம்ஷாத் பெட்டியிலிருந்து புதுக் கண்ணாடி ஒன்றை எடுத்தார். துணியால் துடைத்தார். வைர முனைப் பேனாவால் நடுவில் ஒரு கீறல் போட்டார். அதைத் தணிகாசலத்தின் முன் வைத்தார்.

"இதைப் பாருங்க."

"இதுல ஒண்ணுமே தடவலையே."

"தெரியும்."

"யாரோடது மேடம்?"

"யாரோடதும் இல்லை. கீறலை வெச்சு ஃபோகஸ் பண்ணுங்க. காலையில விட்ட அதே எண்ணெயை விடுங்க."

"இது ஒண்ணாங்கிளாஸ் பாடம். எனக்கு இன்னும் ஏழு வருஷத்துல ரிட்டையர்மென்ட்."

"அதுக்குள்ள பார்த்து முடிச்சிடலாம் சார்."

"அந்தம்மா பஸ் ஏறிடுவாங்க மேடம்!"

"அதனாலதான் சொல்றேன். பாருங்க."

லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு துளி எண்ணெய் இருந்தால்தான் கிருமி தெளிவாகத் தெரியும். தணிகாசலம் எண்ணெய்ப் புட்டியிலிருந்து கண்ணாடிக் குச்சியை எடுத்தார். துளியை விட்டார். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று குச்சியின் முனையைக் கண்ணாடியில் தொட்டு எடுத்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். 'டிக்' என்று மிகச் சிறிய ஒலி எழுந்தது. குச்சி மறுபடி புட்டிக்குள் போனது.

ஷம்ஷாத் அந்த ஒலியைக் கேட்டார்.

தணிகாசலம் எண்ணத் தொடங்கினார். வாய்விட்டுத்தான் எண்ணுவார். பதினெட்டு, பத்தொன்பது என்று அலுப்போடு போன குரல் இருபத்து மூன்றில் நின்றது. கண்ணை எடுத்தார். கைக்குட்டையால் துடைத்தார். மறுபடி குனிந்தார்.

"என்ன சார்?"

"சிவப்பா ஏதோ தூசி."

"தூசிக்கு யாரு சிவப்புச் சாயம் போட்டது?"

அவர் திருகை மறுபடி நகர்த்திப் பார்த்தார். "ரெண்டு இருக்கு மேடம்."

"மெலிசா? லேசா வளைஞ்சு?"

தலை மட்டும் அசைந்தது.

"எழுதுங்க, ரெண்டுன்னு. கண்ணால பார்த்திருக்கீங்க. இப்ப வெளியே போய் யாருகிட்ட சொல்லப் போறீங்க?"

தணிகாசலம் எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தார். எண்ணெய் தெளிவாகத்தான் இருந்தது. பதிமூன்றாம் நம்பரைத் தொட்ட குச்சி. அதன்பின் பதினான்கைத் தொட்ட குச்சி. தேர்த் திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் போல, யாருடையவோ கிருமிகள் புட்டிக்குள் நீந்திக்கொண்டிருந்தன.

அவர் விருட்டென்று எழுந்தார். நாற்காலி சாய்ந்தது.

"எங்க?"

"அந்தப் பொண்ணுக்கு இல்லை மேடம்! போய்ச் சொல்றேன். குழந்தையைக் கொடுத்துடச் சொல்றேன்!"

"இல்லைன்னு எந்தக் கண்ணாடியில பார்த்தீங்க?"

அவர் கை கதவுத் தாழ்ப்பாளில் நின்றது.

"அப்ப இருக்கா, இல்லையா?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இந்தக் கட்டடத்துல யாருக்குமே தெரியாது. தெரியும்னு நினைச்சுக்கிட்டு அந்தம்மா மட்டும் பஸ்ஸுக்குக் கிளம்பறாங்க."

"நான் என்ன செய்யட்டும்?"

"தெரியாதுன்னு போய்ச் சொல்லுங்க. அது நமக்கு நிச்சயமா தெரியும்."

தணிகாசலம் போனார். ஐம்பத்தொரு வயதில் ஒரு மனிதன் சைக்கிள் நிறுத்தும் இடம் வரை அவ்வளவு மெதுவாக நடந்து அந்த ஊர் பார்த்ததில்லை.

"இன்னா சார்," என்றாள் பச்சையம்மாள். "காலைல கீதுன்ன. இப்போ தெரியலன்ற. படிச்சவன்தானே நீ?"

"தப்பு என்னோடதுதாம்மா. எண்ணெயைக் கெடுத்துட்டேன். திரும்பப் பார்க்கிறேன்."

"எண்ணெயா? இன்னா, வடையா சுடற உள்ள?"

"பன்னண்டு வரைக்கும் இருங்கம்மா. கேட்டுக்கிறேன்."

"பன்னண்டு. அப்புறம் நான் ரோட்டுல."

கோட்டீஸ்வரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பி வந்தபோது ஷம்ஷாத் அதே சளிக் குப்பியிலிருந்து கெட்டியான பகுதியாகப் பார்த்து எடுத்து, புதுக் கண்ணாடியில் தடவிக் காயவைத்திருந்தார். பழைய எண்ணெய் குப்பைத் தொட்டிக்குப் போயிருந்தது. புதுப் புட்டி, புதுச் சொட்டுக்குழாய்.

காய்கிற நேரத்தில் இன்னொரு வெறுங்கண்ணாடியை அவரிடம் கொடுத்தார். புது எண்ணெய். நூறு ஃபீல்டு. தணிகாசலம் வாதாடாமல் பார்த்தார். ஒன்றுமில்லை. கீறல் மட்டும் இருந்தது.

பிறகு சாயம். சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி வரும்வரை அடியில் சுடர் காட்டி, ஐந்து நிமிடம் விட வேண்டும். காசநோய்க் கிருமி மெழுகுப் போர்வை போர்த்தியது. சூடு காட்டினால்தான் சாயத்தை உள்ளே விடும். விட்டபின் அமிலத்தில் குளிப்பாட்டினாலும் சாயத்தைத் திருப்பித் தராது. மற்றதெல்லாம் வெளுத்துவிடும். மேலே நீலம் ஊற்றினால், நீலத்தில் அது மட்டும் சிவப்பாக நிற்கும். இந்த ஐந்து நிமிடத்தை நான்காக்கக் கலெக்டராலும் முடியாது. வெளியே குழந்தை அழுது அழுது, விக்கலுக்கு வந்திருந்தது.

பதினொன்றே முக்கால். தணிகாசலம் சொட்டுக்குழாயை உயரத்தில் பிடித்தார். துளி தானாக விழுந்தது. ஒலி இல்லை.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

காலையில் அவர் கண் கிருமியைத் தேடியிருந்தது. இப்போது அது இல்லாமையைத் தேடியது. லென்ஸுக்கு இந்த வேறுபாடு தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்தது.

முப்பது. ஒன்றுமில்லை. நாற்பது. ஐம்பது. தணிகாசலத்தின் தோள்கள் இறங்கின. குரலில் ஒரு துள்ளல் வந்தது.

"ஐம்பத்தொன்பது. அறுபது." கை நின்றது. பிறகு சற்று வேகமாக நகர்ந்தது. "அறுபத்திரண்டு. அறுபத்து மூணு."

"அறுபத்தொண்ணு எங்க போச்சு சார்?"

தணிகாசலம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"மேடம், அந்தக் குழந்தை..."

"அறுபத்தொண்ணு."

அவர் திருகைப் பின்னால் திருப்பினார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"ஒண்ணு," என்றார். நம்பரைச் சொன்ன குரல் இல்லை அது.

நூறு முடிந்தபோது ஐந்து. ஷம்ஷாத் உட்கார்ந்து தாமே பார்த்தார். அவருக்கும் ஐந்து. நீலத்தில் ஐந்து சிவப்புக் கோடுகள். வெறுங்கண்ணாடியில் இல்லாதவை. முடிவுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மணி பன்னிரண்டாக இன்னும் மூன்று நிமிடம்.

"வாயையும் மூக்கையும் நல்லா மூடிக்கிட்டுப் பால் கொடுக்கலாம்," என்றார். "கொடுக்கணும். ஆறு மாசம் மாத்திரை, ஒருநாளும் விடாம. குழந்தையை டாக்டர் இன்னைக்கே பார்க்கணும். பஸ்ஸுல ஏத்த விடாதீங்க. இந்தாங்க மாஸ்க்."

தணிகாசலம் தாளோடு போனார். பச்சையம்மாள் கேட்டுக்கு வெளியே ஒரு காலை வைத்திருந்தாள்.

அவர் இம்முறை நின்றுகொண்டு சொல்லவில்லை. இருவரையும் பெஞ்சில் உட்காரவைத்துத் தாமும் உட்கார்ந்தார். ஷம்ஷாத் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு கேட்கவில்லை. பச்சையம்மாளின் குரல் மட்டும் ஒருமுறை உயர்ந்தது.

"உன் புள்ளையா இருந்தா குடுப்பியா?"

தணிகாசலம் மாஸ்க்கைக் கோட்டீஸ்வரியிடம் கொடுத்துவிட்டு ஏதோ சொன்னார். சிறிய பதில்தான்.

பஸ் வந்தது. ஹாரன் அடித்தது. போனது. குழந்தை இன்னும் கிழவியின் இடுப்பிலேயே இருந்தது. கோட்டீஸ்வரி மாஸ்க்கின் கயிற்றை ஒரு காதில் மாட்டினாள், மறு காதில் மாட்டினாள், மூக்கின் மேல் அழுத்தினாள். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இன்னும் மேல இழுத்து மூட்றீ," என்று அதட்டினாள் பச்சையம்மாள். குழந்தையை மருமகளின் மடியில் வைத்தாள்.

அழுகை நின்றது.

தணிகாசலம் ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தார். சாய்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தினார். உட்காரவில்லை.

"ஒண்ணு புரியலை மேடம். காலையிலயும் இருக்குன்னேன். இப்பவும் இருக்குன்னேன். காலையில பிள்ளையைப் பிடுங்கினாங்க, இப்பக் கொடுத்துட்டாங்க. அதே சேதியை ரெண்டாவது தடவை சொன்னா மட்டும் எப்படிக் கேட்டாங்க?"

ஷம்ஷாத் பதினைந்தாம் நம்பர் குப்பியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

"ரெண்டாவது தடவையா?" என்றார். "நீங்க இப்பத்தானே சார் முதல் தடவை சொன்னீங்க?"