முன்வரிசை ஓணான்

மலை முடிந்து ஆறு அகலமாகும் இடத்தில் ஒரு காடு. அந்தக் காட்டில் ஒரு கல்லூரி இருந்தது, குழந்தைகளே. சிரிக்காதீர்கள். மனிதர்களுக்கு மட்டும்தான் கல்லூரி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

கட்டடம் எதுவும் கிடையாது. ஆற்றங்கரையில் ஒரு பெரிய மருத மரம். புடைத்துக் கிடக்கும் அதன் வேர்கள்தான் பெஞ்சு. பகலில் திரிகிறவர்களும் இருட்டில் திரிகிறவர்களும் சேர்ந்து படிக்க வேண்டுமே என்று மாலை வெயில் சாயும் நேரத்தில் வகுப்பு வைத்திருந்தார்கள்.

ஆனி மாதம் புது வகுப்பு தொடங்கிய அன்று சிலிர்ப்பன் என்ற இளம் முள்ளம்பன்றி அங்கே வந்து சேர்ந்தான். அவன் குலத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவன்தான். அம்மா தேக்கிலையில் கட்டிக் கொடுத்த நாவற்பழப் பொட்டலம் வாயில் இருந்தது.

மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தான். வெள்ளைத் தண்டு மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. கழுத்து வலித்ததே தவிர உச்சி தெரியவில்லை. கீழே பார்த்தான். கீரியும் பாம்பும் ஒரே வேரில் உட்கார்ந்திருந்தன. ஒன்றை ஒன்று முறைக்கக்கூட இல்லை. சிலிர்ப்பன் மலைத்துப் போனான். இத்தனை பெரிய இடத்தில் எனக்கும் ஓர் இடமா என்று நினைத்தபோது அவன் கண் கலங்கியது.

அவன் பெருமைக்காக அங்கே வரவில்லை. அவன் இனத்தார் ஆற்றங்கரையில் வளை தோண்டி வாழ்பவர்கள். மற்ற இடமெல்லாம் பாறை. அங்கே மட்டும்தான் தோண்டுவதற்கு மண் உண்டு. ஆடி மாதம் ஆறு பொங்கினால் வளைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். போன ஆடியில் பெரியப்பாவின் குடும்பம் வெளியே வரவே இல்லை.

"வெள்ளம் வர்றதை முன்கூட்டியே தெரிஞ்சுக்க ஒரு படிப்பு இருக்காம். அதை மட்டும் கத்துக்கிட்டு வா, சாமி," என்று சொல்லித்தான் அம்மா அவனை அனுப்பியிருந்தாள்.

உட்கார இடம் தேடிக்கொண்டிருந்த அவன் பக்கத்தில் ஒரு நரி வந்து நின்றது. பல வருடமாக அதே வகுப்பில் இருக்கும் பழைய மாணவன் அது.

"என்ன தம்பி, புதுசா? வாயில என்ன பொட்டலம்?" என்றது நரி.

"நாவற்பழம், அண்ணா."

"குடு இப்படி. புதுசா வர்றவங்களுக்கு நான்தான் புத்தி சொல்றது வழக்கம்." நரி பழங்களை வாயில் போட்டுக்கொண்டே சொன்னது: "இங்க பிழைக்கிறது ரொம்பச் சுலபம். அதோ முன்வரிசைக் கல்லுல ஓணான் அண்ணன் உட்கார்ந்திருக்காரே, அவர் தலையாட்டினா நீயும் ஆட்டு. கேள்வி கீள்வி கேட்டு வைக்காதே. கேட்டா, காடு முழுக்கச் சிரிக்கும். உங்க குலத்து மானமே போயிடும்."

சிலிர்ப்பன் பயத்தோடு முன்வரிசையைப் பார்த்தான். கல்லின் மேல் ஓணான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கழுத்து சிவந்து, பார்வை எங்கேயோ தூரத்தில் இருந்தது. எப்பேர்ப்பட்ட அறிவாளி என்று அவன் எண்ணிக்கொண்டான்.

அப்போது உச்சிக் கிளையில் நாரையார் வந்து இறங்கினார். அவர்தான் ஆசிரியர். கடல் தாண்டிப் போய் வந்தவர்.

"மேகம் பிறப்பதை நான் பார்த்திருக்கிறேன்," என்று அவர் பாடத்தைத் தொடங்கினார். "கடலுக்கு மேல் பறந்துகொண்டிருந்தேன். கீழே தண்ணீரிலிருந்து வெண்புகைபோல ஒன்று எழுந்தது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு நம் மலையைத் தேடி வந்தது. நானும் கூடவே வந்தேன்."

சிலிர்ப்பன் வாய் பிளந்து கேட்டான். மண்ணுக்கடியில் பிறந்து வளர்ந்தவன் அவன். மேகத்துக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டான். உடம்பெல்லாம் சிலிர்த்தது, முட்கள் கலகலவென்று சத்தமிட்டன. பக்கத்தில் இருந்த மான் சற்று நகர்ந்து உட்கார்ந்தது.

நாரையார் கடைசியாகச் சொன்னார்: "மேற்கு மலையின் மடிப்புக்குள் மேகம் கறுத்து இறங்குவதைப் பார்த்தால், ஆறு பொங்கப் போகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். இதுதான் வெள்ளத்தின் அடையாளம். புரிந்ததா?"

சிலிர்ப்பனுக்குப் புரியவில்லை. தரையில் நின்று பார்த்தால் மரங்கள்தான் தெரிகின்றன. மேற்கு மலை எங்கே, அதன் மடிப்பு எங்கே?

ஆனால் முன்வரிசையில் ஓணான் தலையாட்டியது. கீரி ஆட்டியது. மான் ஆட்டியது. பாம்புகூட ஆட்டியது. எல்லாருக்கும் புரிந்திருக்கிறது, நான் ஒருவன்தான் மண்டு என்று நினைத்துக்கொண்டு சிலிர்ப்பனும் ஆட்டினான்.

இப்படியே ஆனி மாதம் ஓடியது. நாரையார் நாளுக்கொரு அதிசயம் சொன்னார். பாடம் முடிந்ததும் "புரிந்ததா?" என்பார். ஓணான் தலை ஆடும். கல்லூரியே ஆடும்.

நடுவில் ஒரு விடுமுறை வந்தது. சிலிர்ப்பன் வீட்டுக்குப் போனான். சித்தப்பாவும் அத்தைமார்களும் மேட்டுப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்துகொண்டிருந்தார்கள். கால் நகமெல்லாம் தேய்ந்து ரத்தம் கசிந்திருந்தது.

அம்மா ஆசையோடு கேட்டாள்: "வெள்ளம் வர்ற அடையாளத்தைச் சொல்லிக் குடுத்தாங்களா, சாமி?"

"சொல்லிக் குடுத்தாங்கம்மா."

"உனக்குப் புரிஞ்சுதா?"

சிலிர்ப்பன் தலையாட்டினான். பழக்கம் அப்படி ஆகிவிட்டது.

அம்மாவின் முகம் மலர்ந்தது. மேட்டைப் பார்த்துக் கூவினாள்: "போதும், எறங்கி வாங்க எல்லாரும். இனி பாறையோட மல்லுக்கட்ட வேண்டாம். வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே நம்ம புள்ள சொல்லிடுவான்."

எல்லாரும் தோண்டுவதை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்கள். அத்தை அவன் கன்னத்தை முகர்ந்தாள்.  எத்தனை உயிர் தன் தலையாட்டலை நம்பி இறங்கி வருகிறது என்று சிலிர்ப்பன் எண்ணிப் பார்த்தான். மறுநாளே கல்லூரிக்கு ஓடினான்.

வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. ஓணான் மட்டும் தன் கல்லில் உட்கார்ந்திருந்தது.

"அண்ணா," என்று தயங்கித் தயங்கிக் கூப்பிட்டான் சிலிர்ப்பன். "மேற்கு மலை மடிப்புன்னு ஐயா சொல்றாரே, கீழே இருந்து அதை எப்படிப் பார்க்கிறது? எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

ஓணான் திரும்பிப் பார்த்தது. "எந்த மலை?"

"வெள்ளப் பாடத்துல வந்ததே அண்ணா. நீங்ககூடத் தலையாட்டினீங்களே."

"அதுவா? நான் எப்பவும் ஆட்டுவேன் தம்பி. எங்க அப்பாவும் ஆட்டுவார், தாத்தாவும் ஆட்டுவார். பிறவியிலேயே கழுத்து அப்படி."

"அப்போ பாடம்?"

"எனக்கு எதுக்கு பாடம்? சாயங்கால வெயில் கடைசி வரைக்கும் விழுறது இந்தக் கல்லுலதான். அதுக்காக வந்து உட்கார்றேன்."

சிலிர்ப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று மாலை வகுப்பில் அவன் பாடத்தைக் கவனிக்கவில்லை, தலைகளைக் கவனித்தான். கடைசி வரிசை நடுவரிசையைப் பார்த்தது. நடுவரிசை கீரியைப் பார்த்தது. கீரி ஓணானைப் பார்த்தது. ஓணானோ வெயிலைப் பார்த்தது. இவ்வளவு பெரிய கல்லூரி ஒரு சிறிய கழுத்தின் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"மழை நெருங்கிவிட்டது," என்றார் நாரையார். "வெள்ளப் பாடம் இன்றோடு முடிகிறது. புரிந்ததா?"

ஓணான் தலையாட்டியது. எல்லாத் தலைகளும் ஆடின. சிலிர்ப்பன் எழுந்து நின்றான்.

"உட்காருடா," என்று நரி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது. "மானத்தை வாங்காதே."

 சிலிர்ப்பனின் முள்ளெல்லாம் கலகலத்தது. அந்தச் சத்தத்தில் கல்லூரியே திரும்பிப் பார்த்தது. அவன் நினைத்துக்கொண்டது பெரியப்பாவை.

"ஐயா, எனக்குப் புரியலை," என்றான். "மேற்கு மலை எனக்குத் தெரியவே தெரியாது. நான் மண்ணுக்கடியில் இருக்கிறவன். பறக்க முடியாதவங்க வெள்ளத்தை எப்படி ஐயா தெரிஞ்சுக்கிறது?"

 நரி மட்டும் கெக்கெக்கென்று சிரித்தது. துணைக்குச் சிரிக்க ஆள் இல்லாததால் பாதியில் நிறுத்திக்கொண்டது.

நாரையார் உச்சிக் கிளையிலிருந்து கீழே பார்த்தார். பிறகு சிறகை விரித்துத் தரையில் வந்து இறங்கினார். அவர் தரையில் கால் வைத்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. கழுத்தை வளைத்து மேற்கே பார்த்தார். மரங்கள். சிலிர்ப்பனின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தார். இன்னும் மரங்கள்.

"இங்கிருந்து மலை தெரியவே இல்லையே," என்றார் அவர். "ஒவ்வொரு வருடமும் இதைத்தான் சொல்லித் தந்தேன். ஒவ்வொரு வருடமும் எல்லாரும் தலையாட்டினீர்கள். எல்லாருக்கும் தெரிகிறது என்றல்லவா நினைத்துக்கொண்டேன்."

"எனக்கும் தெரியாது ஐயா," என்றது மான் மெதுவாக. "எனக்கும்," என்றது கீரி. "சத்தியமா எனக்கும்," என்றது பாம்பு.

சிலிர்ப்பன் சுற்றிலும் பார்த்தான். தான் மட்டும் மண்டு என்று எண்ணி எல்லாரும் தனித்தனியாக அழுதிருக்கிறார்கள். அவன் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கியது.

"அப்படியானால் தரையில் இருப்பவர்களுக்கு அடையாளம் எது, ஐயா?" என்று கீரி கேட்டது.

"எனக்குத் தெரியாது," என்றார் நாரையார்.

கடல் தாண்டியவர், மேகம் பிறப்பதைப் பார்த்தவர், தெரியாது என்று சொன்னார். சொல்லிவிட்டு வெட்கப்படவும் இல்லை. நாரையார் மேகத்தைப் பற்றிச் சொன்னபோது வியந்ததைவிட இப்போது சிலிர்ப்பன் அதிகம் வியந்தான். தெரியாது என்று சொன்ன பிறகு அவர் அவன் கண்ணுக்கு இன்னும் உயரமாகத் தெரிந்தார்.

"வாருங்கள், தேடுவோம்," என்றார் நாரையார். "தம்பி, வெள்ளத்துக்கு முன்னால் உன் வளைக்குள் ஏதாவது கேட்குமா?"

சிலிர்ப்பன் யோசித்தான். "ஆத்துக்கு அடியில கடகடன்னு ஒரு சத்தம் வரும் ஐயா. அதைக் கேட்டாலே எங்களுக்குப் பயம். இன்னும் ஆழமா உள்ளே போய்ச் சுருண்டுக்குவோம்."

முதல் மழை வந்த அன்று வகுப்பே ஆற்றங்கரையில் நின்றது. நாரையார் மேலே பறந்தார். சிலிர்ப்பன் ஒரு பழைய வளைக்குள் இறங்கி மண்ணில் காதை வைத்தான். நரி மட்டும் வரவில்லை. "இதெல்லாம் எனக்கு எப்பவோ தெரியும்," என்று சொல்லிவிட்டுக் கரையோரப் புதரில் படுத்துக்கொண்டது.

"மேகம் மடிப்பில் இறங்கிவிட்டது," என்று மேலேயிருந்து நாரையார் குரல் கொடுத்தார்.

சற்று நேரத்தில் மண்ணுக்குள் கடகடவென்று சத்தம் எழுந்தது. மேலாற்றில் வெள்ளம் கற்களை உருட்டிக்கொண்டு வரும் ஓசை. அதன் பிறகு வெகுநேரம் கழித்துத்தான் ஆற்றுத் தண்ணீர் செந்நிறமாகி, ஒரு சாண் உயர்ந்தது.

வானத்தில் ஒருவர் கண்ணால் பார்த்ததை மண்ணுக்குள் ஒருவன் காதால் கேட்டிருக்கிறான். மானும் கீரியும் பாம்பும் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றன.  சிலிர்ப்பன் நினைத்துப் பார்த்தான். தலைமுறை தலைமுறையாக ஆறு தன் இனத்தாரிடம் "வெளியே போ" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவர்கள் அதைக் கேட்டு உள்ளே போயிருக்கிறார்கள்.

அவன் நேராக வீட்டுக்கு ஓடினான். "அம்மா, அன்னிக்கு நான் புரியாமத்தான் தலையாட்டினேன். இன்னிக்குத்தான் புரிஞ்சுது," என்று எல்லாவற்றையும் சொன்னான்.

அம்மா அவனை உற்றுப் பார்த்தாள். "இப்பவாவது சொன்னியே," என்றாள். 

ஆடி மாதம் ஒரு விடியற்காலை அந்தச் சத்தம் வந்தது. இதற்கு முன் கேட்டிராத பெரிய சத்தம். அத்தைமார்கள் பழக்கதோஷத்தில் வளையின் ஆழத்துக்கு ஓடப் பார்த்தார்கள். சிலிர்ப்பன் குறுக்கே நின்று முள்ளைச் சிலிர்த்தான்.

"உள்ளே இல்ல அத்தை. மேலே, மேலே போங்க."

கிழவர்களும் குட்டிகளும் மேட்டுப் பாறைக்கு ஏறி முடித்துத் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு மலையிலிருந்து செக்கச்செவேலென்று இறங்கி வந்தது. வேரோடு பிடுங்கிய மரங்கள் அதில் துரும்பாகப் போயின. அவர்கள் வளைகள் இருந்த கரை கண்ணெதிரே கரைந்தது. ஒருவரும் குறையவில்லை என்று அம்மா இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு மகனுடைய காதை, மண்ணில் வைத்துக் கேட்ட அந்தக் காதை, மெல்ல நக்கிக் கொடுத்தாள்.

அப்போது வெள்ளத்திலிருந்து நீந்தித் தப்பி, நனைந்து நடுங்கியபடி நரி பாறைமேல் ஏறி வந்தது. எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது.

"தம்பி," என்றது சின்னக் குரலில். "அந்தச் சத்தம் எப்படி இருக்கும்? எனக்குத் தெரியாது. சொல்லிக் குடேன்."

நரி தன் வாழ்நாளில் கேட்ட முதல் கேள்வி அது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிலிர்ப்பன் நகர்ந்து அதற்கு இடம் கொடுத்தான்.

அடுத்த ஆனியிலும் புது மாணவர்கள் பொட்டலங்களோடு வந்து மருத மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். நாரையார் இப்போது தாழ்ந்த கிளையில் நின்று பாடம் நடத்தினார். முடிவில் "புரிந்ததா?" என்று கேட்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டார்.

"எது புரியவில்லை?" என்று கேட்டார்.

முன்வரிசைக் கல்லில் ஓணான் அதற்கும் தலையாட்டியது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் கை தூக்குவதில் மும்முரமாக இருந்தார்கள்.

நீதி: படிக்கப் போகும் இடத்தில் அடுத்தவர் தலையைப் பார்த்து உங்கள் தலையை ஆட்டாதீர்கள், புரியாததைப் புரியவில்லை என்று எழுந்து நின்று கேளுங்கள்.