விஜயமதியின் வண்டிவீடு

போளூருக்கு மேற்கே, சவ்வாது மலை தொடங்கும் இடத்தில் மெய்யம்மை என்றொரு குரு இருந்தார். ஓட்டுக் குடில் ஒன்று, பின்னால் ஒரு கிணறு, முன்னால் புளியமரங்கள். அவ்வளவுதான் ஆசிரமம். வருகிறவர்களும் அதிகமில்லை. வந்தவர்களில் மூத்தவர் அரவாழி, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். குருவைவிட அவருக்கு வயது நன்றாகவே கூடுதல். குரு அவரை ‘ஐயா’ என்பார். அவர் குருவை ‘அம்மா’ என்பார். அதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

ஒரு நாள் காலை அரவாழி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் வந்து நின்றார்.

“வீட்டுக்குப் போகணும்ங்கறா, அம்மா.”

“யாரு?”

“என் மனைவி. வீட்டுக்குள்ள உக்காந்துகிட்டே வீட்டுக்குப் போகணும்ங்கறா. பொழுது சாஞ்சா போதும், பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கறா.”

குரு ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார். அரவாழி வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

விஜயமதி பூகோள டீச்சராக இருந்தவர். வரைபடம் இல்லாமல் கரும்பலகையில் இந்தியாவை ஒரே இழுப்பில் போடுவார். ஓய்வுபெற்ற சில வருடங்களில் மறதி வந்தது. முதலில் கடைத்தெருவில் வழி தவறினார். பிறகு பெயர்கள் போயின. இப்போது கணவரையே சில நாட்களாக ‘சார்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பழைய தலைமையாசிரியர் என்று நினைத்திருக்கலாம். அந்த மரியாதைதான் அரவாழிக்குத் தாங்கவில்லை.

“அவங்க பொறந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?” என்று கேட்டார் குரு.

“போனேன். கூடத்துல கொஞ்ச நேரம் உக்காந்தா. அப்புறம் என் சட்டையைப் பிடிச்சு, ‘வீட்டுக்குப் போலாம் சார்’னா.” அரவாழி குரலைத் தாழ்த்தினார். “அவ எந்த வீட்டைச் சொல்றான்னு எனக்கு நேத்துதான் புரிஞ்சது.”

அவர்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான புதிதில் ஏற்காட்டுக்குப் போனபோது, ஒரு காப்பித் தோட்டத்தில் கோழி அடைத்து வைத்திருந்த ஒரு வண்டியைப் பார்த்தார்கள். எப்போதோ ஒரு வெள்ளைக்காரர் சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டுப்போன கேரவன். முட்டை போல உருண்ட உடம்பு, இரண்டு சக்கரம், ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற கொக்கி. உள்ளே படுக்கையாக மடங்கும் மேசை, சின்ன அடுப்பு, அலமாரி. விஜயமதி கோழிகளை விரட்டிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டார். இறங்க மாட்டேன் என்றார். அதன் பிறகு ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அந்த வண்டிவீட்டில்தான். பார்க்காத ஆற்றைப் பற்றி நான் எப்படிப் பாடம் எடுப்பது என்பார். கோதாவரி, துங்கபத்திரை, நர்மதை என்று ஆற்றங்கரைகளிலேயே அவர்களுடைய நல்ல காலம் போயிற்று. ஜீப் பழுதான பின் வண்டி உறவினர் ஒருவரின் நெல் மில்லுக்குப் பின்னால் போய் நின்றது. நின்றது நின்றதுதான்.

“அதைப் பழையபடி ஆக்கிடறேன் அம்மா. ஒரு ஆணி மாறாம ஆக்கிடறேன். அவ அதுக்குள்ள ஏறினா திரும்பி வந்துடுவாளா?”

“எனக்குத் தெரியாது.”

“செய்யட்டுமா?”

“வேண்டாம்னு சொன்னா உங்க கை கேக்குமா?”

கேக்காது என்பதுபோல் அரவாழி தலையை அசைத்தார்.

“அப்ப இங்க கொண்டாந்து நிறுத்துங்க. புளிய நிழல் இருக்கு.”

டிராக்டர் கட்டி இழுத்து வந்தார்கள். வெளித்தகடு மங்கியிருந்தது. உள்ளே பலகை முழுக்க மழைநீர் இறங்கி, கை வைத்த இடமெல்லாம் நனைந்த ரொட்டி போல உதிர்ந்தது. மெத்தைக்குள் எலி குட்டி போட்டிருந்தது. கதவைத் திறந்ததும் வந்த வாடையில் டிராக்டர்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அரவாழி மட்டும் பொத்தவில்லை. அந்த வாடைக்கு அடியில் வேறொரு வாசனை இருக்கிறதா என்று மூச்சை இழுத்துப் பார்த்தார். இல்லை.

விஜயமதிக்குத் துணையாக அவருடைய தங்கை சுனந்தை வந்து தங்கினார். அரவாழி காலையில் குடிலுக்கு வந்தால் மாலையில்தான் போவார்.

உளுத்த சட்டங்களைக் கழற்றி, அதே அளவில் தேக்குச் சட்டம் அறுத்துப் பொருத்தினார். அடிச்சட்டத்தின் துருவைச் சுரண்டினார். மழை ஒழுகிய இடத்துக்கெல்லாம் புது ரப்பர் வைத்தார். சில நாள் குருவும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு ஒரு மூலையைத் தேய்ப்பார்.

வெளிநிறம் என்ன என்பதில் அரவாழிக்குக் குழப்பம் வந்தது. இருந்த புகைப்படம் கறுப்பு வெள்ளை. வாசற்படியின் பட்டையைக் கழற்றியபோது அதன் அடியில் வெயில் படாத ஒரு கீற்று இருந்தது. இளம்பச்சை. அந்தத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலூர்வரை போய் அதே பச்சையைக் கலக்கி வாங்கிவந்தார். திரைச்சீலைக்குக் கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் புள்ளி வேண்டும். எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. புள்ளியில்லாத கத்தரிப்பூத் துணி வாங்கி, ஒரு குச்சியின் முனையை வெள்ளைச் சாயத்தில் தோய்த்து, புள்ளி புள்ளியாகத் தாமே வைத்தார். கண் எரியும்வரை வைத்தார்.

வீட்டில் விஜயமதிக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. இரவுச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் பார்ப்பார். “மாமா, நீங்க பகல்ல அக்கா பக்கத்துல கொஞ்சம் இருந்தா என்ன?” என்று சுனந்தை ஒருமுறை கேட்டார். “அவளுக்காகத்தானேம்மா போறேன்” என்றார் அரவாழி. சுனந்தை அதன் பிறகு கேட்கவில்லை.

மேசைப் பலகை பொருத்திய அன்று, அரவாழி ஒரு குண்டானை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி எடுத்துவந்து, புதுப் பலகையின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். புகை வந்தது. வட்டமாகக் கருகிய வடு விழுந்தது.

குரு பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எதுக்கு?”

“முதல் பயணத்துல அவ பால் குண்டானை இறக்கி வெச்சு இப்படி ஆயிடுச்சு. இதே இடம்.”

“அது அவங்க கை செஞ்சது.”

“ஆமாம்.”

“இது?”

அரவாழி குண்டானை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

மழைக்காலம் முடிந்து வேலையும் முடிந்தது. பச்சை வண்டி புளியமரத்தடியில் பளபளத்தது. உள்ளே அடுப்பில் திரி, அலமாரியில் எனாமல் தட்டுகள், படுக்கையில் இலவம்பஞ்சு மெத்தை, ஜன்னலில் புள்ளித் திரை. அன்று மாலையே அரவாழி மனைவியை ஆட்டோவில் அழைத்துவந்தார். தலைசீவிப் பூ வைத்து, அவருக்குப் பிடித்த அரக்குச் சேலையைச் சுனந்தை கட்டிவிட்டிருந்தார். தோளில் வழக்கமான பை.

விஜயமதி வண்டியைப் பார்த்தார். நின்றார்.

“அழகா இருக்கு. யாருது சார்?”

“உள்ள வா. ஏறு. பாத்து.”

ஏற்றி உட்கார வைத்தார். திரையைக் காட்டினார்.

“இந்தப் புள்ளி ஞாபகம் இருக்கா? நீ தெச்சது.”

விஜயமதி திரையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார்.

“இந்த அடுப்பு? மழையில ராஜமுந்திரியில ரவா உப்புமா கிண்டினியே?”

“தெரியலையே.”

“இது?” அரவாழி அவர் கையைப் பிடித்து மேசையின் வடுவின் மேல் வைத்தார். “இது யார் செஞ்சது? நல்லா யோசிச்சுப் பாரு மதி.”

விஜயமதியின் விரல் வட்டத்தைச் சுற்றிவந்தது. “புதுப் பலகை. யாரோ சுட்டு வெச்சிருக்காங்க. பாவம்.”

“நீதான் மதி. நீ. இது நம்ம வீடு.”

பாடம் படிக்காமல் வந்த பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்டால் எப்படி நிற்குமோ அப்படி விஜயமதி சுருங்கிப்போனார். பையை எடுத்து மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார்.

“நேரமாச்சு சார். வீட்டுக்குப் போகணும்.”

அரவாழி இறங்கிவிட்டார். வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பச்சைச் சாயம் பூசிய தகட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வாயைத் துண்டால் அழுத்திக்கொண்டு அழுதார்.

சற்று நேரத்தில் வண்டியின் படியில் யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது.

“வரலாமா?” குருவின் குரல்.

“வாங்க வாங்க.” விஜயமதியின் குரல் தெளிவாக இருந்தது. “உக்காருங்க. வீட்டுக்காரங்க வெளிய போயிருக்காங்க.”

“அப்படியா? எப்ப வருவாங்க?”

“சொல்லலை. நல்ல மனுஷங்க போல. எல்லாம் துடைச்சு வெச்சிருக்காங்க, பாருங்க.”

“என் பேரு மெய்யம்மை.”

“என் பேரு...” ஒரு சிறு இடைவெளி. “இருங்க, வரும்.”

“வரப்ப வரட்டும். நல்லா காத்து வருது இல்லே?”

“ஆமாம். ஆத்துக் காத்து மாதிரி.” விஜயமதி சிரித்தார். அரவாழி துண்டை வாயிலிருந்து எடுத்தார். அந்தச் சிரிப்பை அவர் கேட்டுப் பல நாளாகியிருந்தது. “ஒரு ஆறு இருக்கு, பேரு வரலை. அகலமா இருக்கும். அக்கரையில மாடு நின்னா எறும்பு மாதிரி தெரியும். மணல்ல கால் வெச்சா சுடும். ஒருத்தர் தன் செருப்பைக் கழட்டி எனக்குக் குடுத்துட்டு, சுடுமணல்ல குதிச்சுக் குதிச்சு ஓடினாரு. எனக்கு ஒரே சிரிப்பு.”

“யார் அவரு?”

“தெரியலையே. அவரைத்தான் ரொம்ப நாளா காணோம்.”

வெளியே அரவாழி கண்ணை மூடிக்கொண்டார். அன்று நர்மதைக் கரையில் அவருடைய பாதம் கொப்பளித்துப்போய், ஜீப்பின் கிளட்சை மிதிக்க முடியாமல் மறுநாளும் அங்கேயே தங்க வேண்டியிருந்தது.

குரு இறங்கி வந்தார். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அரவாழி எழுந்து நின்றார்.

“இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அம்மா?”

“தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா என்னைத் தடுத்திருப்பீங்களா?”

குரு வண்டியின் ஜன்னலைப் பார்த்தார்.

“இத்தனை மாசம்...” அரவாழி வண்டியின் பக்கம் திரும்பினார். “இத்தனை மாசமும் அவ வீட்ல உக்காந்திருந்தா. நான் இங்க பலகை அறுத்துக்கிட்டிருந்தேன். இப்ப இதை என்ன பண்றது? கொளுத்திடட்டுமா?”

“அவங்க உள்ள இருக்காங்க ஐயா.”

“இருக்கா. யார் வீட்லயோ உக்காந்திருக்கற மாதிரி இருக்கா. அவளைத் திரும்பக் கொண்டாரத்தான் இந்த வீட்டைக் கட்டினேன். அவ இங்க விருந்தாளியா வந்து உக்காந்திருக்காளே, அம்மா.”

உள்ளே விஜயமதி ஜன்னல் திரையை விலக்கி வெளியே பார்த்தார். யாரும் வருகிறார்களா என்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குரு சொன்னார்:

“விருந்தாளியைத் தனியா உக்கார வெச்சிட்டு நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க?”