உடைந்த சுரைக்குடுவை

பனிமலைக் காட்டில் ஒரு தேவதாரு மரம். மேல்கிளையில் செம்மூஞ்சி என்ற குரங்கும், கீழே பொந்தில் பூவாலி என்ற அணிலும் குடியிருந்தன.

குளிர் வந்தால் ஓடை உறைந்துவிடும் என்று செம்மூஞ்சிக்குப் பயம். காய்ந்த சுரைக்குடுவை ஒன்றில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, அரக்கு வைத்து இறுக அடைத்தது.

காலையில் பார்த்தால் குடுவை பிளந்து கிடந்தது! உள்ளே தண்ணீர் கல்லாக இறுகியிருந்தது.

“பூவாலி! நீதானே கடித்தாய்?”

“நானா? நான் தொடவே இல்லை அண்ணே!”

“இந்த மரத்தில் கூரான பல் வேறு யாருக்கு இருக்கிறது? போ வெளியே!”

கொட்டும் பனியில் அணில் அழுதுகொண்டே போனது.

செம்மூஞ்சி இன்னொரு குடுவையை நிரப்பி அடைத்து, எதிரே வைத்துக் காவல் இருந்தது. பொழுது சாய்ந்ததும் குளிர் கடுமையானது. ஒரு ஈ கூட அருகே வரவில்லை. திடீரென்று, படார்! குடுவை பிளந்தது.

குரங்கு சுற்றும் முற்றும் பார்த்தது. ‘யாருமே வரவில்லையே! பேயா? நானே தூக்கத்தில் உடைத்தேனா? நான் தூங்கவும் இல்லையே!’

அந்த வழியாக வந்த மலையாட்டிடம் ஓடிப்போய்ச் சொன்னது.

ஆடு சிரித்தது. “எங்கள் மந்தை ஓடும்போது இடித்துக்கொண்டு சின்னச் சந்திலும் நுழைந்துவிடும். படுக்கும்போது ஆளுக்கு ஆள் கால் நீட்டுவோம். அதே சந்து போதுமா?”

“போதாது. அதற்கும் குடுவைக்கும் என்ன?”

“தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் இருக்கின்றன. ஓடும்போது நெருங்கியிருக்கும். உறையும்போது வரிசை கட்டி, விலகி நிற்கும். அதற்குக் கூடுதல் இடம் வேண்டும். நீ இடமே விடவில்லையே!”

“அப்படியென்றால்... உடைத்தது தண்ணீரேதானா? ஐயோ, பூவாலி!”

குரங்கு காடெல்லாம் தேடியது. ஒரு பாறை இடுக்கில் அணில் விறைத்துக் கிடந்தது. செம்மூஞ்சி அதை மார்போடு அணைத்துச் சூடேற்றியது. அணில் மெல்லக் கண் திறந்தது.

“மன்னித்துவிடு பூவாலி! பொந்துக்கு வா.”

“வருகிறேன். ஆனால் நாளைக்கு வேறு ஏதாவது உடைந்தால், மறுபடியும் என்னைத் துரத்துவாயா அண்ணே?”

குரங்கு அணிலை மார்போடு அணைத்தபடியே பொந்தை நோக்கி நடந்தது.

காரணம் புரியாதபோது பக்கத்தில் இருப்பவர்மீது பழி போடக் கூடாது. பொறுத்திருந்து உண்மையைத் தேட வேண்டும்.